நாற்பத்தாறு கிலோ வெல்லம்

சரவணா,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் எண்ணம் எனக்கு இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். திருப்பதியில் மண்டபம் பிடித்தாயிற்று, சமையலுக்கு ஆள் பேசியாயிற்று, எனக்கு ஒரு பட்டுப்புடவையும் என் புது அளவுக்குத் தைத்த ரவிக்கையும் வந்து சேர்ந்தன. நேற்று போனில் இன்னொரு விஷயமும் சொன்னாய். "அம்மா, கல்யாணத்துக்குள்ள அந்தத் துலாபாரத்த முடிச்சுடலாம்மா. வேண்டுதல் எதுனா பாக்கி இருந்தா பந்தக்கால் நடறதுக்கு முன்னாடியே தீத்துடணும்னு பொண்ணு வீட்ல மாதவியோட அம்மா சொல்றாங்க. இப்ப இன்னா, பாதி வெல்லத்துலயே வேல முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் சரி என்று போனை வைத்துவிட்டேன். சரி என்று நான் சொன்னது துலாபாரத்துக்கு மட்டும். அந்தப் பாதி வெல்லத்துக்கு இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய்.

சித்தூரில் உன் அம்மாவைப் பொறுமைசாலி என்பார்கள். கழித்தல் தெரியாமலே ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்கு, கூழாங்கல் கொண்டுவரச் சொல்லி, முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தவள் நான். பணி ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பொறுமை என்னிடம் அப்படியே இருக்கிறது. அதே பொறுமையோடுதான் இப்போது உன்னைப் பழிவாங்கப் போகிறேன். நீ செய்ய வேண்டிய ஒரு காரியத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் செய்தால் உன் கல்யாணத்தில் மணவறையில் உன் பக்கத்தில் நிற்பேன். செய்யாவிட்டால், விருந்தாளிகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். மிரட்டுகிறேன் என்று நினைத்துக்கொள். மிரட்டத்தான் செய்கிறேன்.

அந்த வேண்டுதல் எப்படி வந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. ஆறாம் வகுப்பு படிக்கும்போது உனக்கு டெங்கு வந்தது. ரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். உன் அப்பா, நைனா, மருந்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்று நம் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். பிள்ளையின் எடைக்கு எடை வெல்லம் தருகிறேன் என்றுதான் எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். நீ அப்போது துணி காயப்போடும் கொடி மாதிரி இருந்தாய். உன் எடைக்கு வேண்டிக்கொண்டால் கொஞ்சமாகப் போய்விடும் என்று எனக்குப் பயம். கஞ்சத்தனம் என்று சாமி நினைத்துக்கொண்டால்? என்னிடம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது இந்த உடம்பு ஒன்றுதான். அதனால் என் எடைக்கு எடை தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, நான் பெரியவளாக இருப்பது நல்லதுக்குத்தான் என்று தோன்றியது அப்போதுதான். நீ பிழைத்தாய்.

வெதுருகுப்பம் தாண்டி இருக்கும் நம் முருகன் மலையில் ஒரு வழக்கம் உண்டு. துலாபாரத்துக்கான சரக்கைக் கூலிக்கு ஆள் வைத்து ஏற்றக் கூடாது. யாருக்காக வேண்டிக்கொண்டதோ அந்த வீட்டார் தோளில்தான் அது ஏற வேண்டும், வெறுங்காலோடு. அந்த வருஷம் முடியவில்லை, அடுத்த வருஷம் தள்ளிப் போயிற்று, கடைசியில் நீ பத்தாம் வகுப்பு முடித்த கோடையில்தான் போனோம். சித்தூர் மண்டியில் வாங்கிய உருண்டை வெல்லத்தை மூட்டை மூட்டையாக நைனாவும் உன் மாமாக்களும் ஏற்றினார்கள். நானும் மூச்சு வாங்கி வாங்கி, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். மண்டபத்தில் பெரிய மரத்தராசு. நான் ஒரு தட்டில் உட்கார்ந்தேன். எதிர்த் தட்டில் வெல்லம் வைக்க வைக்க நான் தரையை விட்டு எழும்பவில்லை. கொண்டுவந்த மூட்டை எல்லாம் தீர்ந்துபோயிற்று. வேறு குடும்பங்களும் வந்து நின்று பார்த்தார்கள். அப்போதுதான் உன் லலிதா அத்தை அந்த வார்த்தையைச் சொன்னாள். "அண்ணி, தட்ட வுட்டு எறங்கிடாத. மண்டிக்காரன் இன்னொரு லாரி ஏத்திக்கினு வரட்டும்." மண்டபமே சிரித்தது. பூசாரியும் சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டார். கூட்டத்தில் உன் வகுப்புப் பையன் ஒருத்தன் இருந்தான். நீ வந்து என் கையைப் பிடித்து இழுத்தாய். "எழுந்து வாம்மா, போலாம். மானம் போவுது."

நான் எழுந்து வந்துவிட்டேன். வேண்டுதல் தட்டிலேயே நின்றுவிட்டது. அந்த வெல்லத்தை அங்கேயே அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டு இறங்கினோம். அதன்பிறகு ஒவ்வொரு ஆடிக்கும் நான் ஞாபகப்படுத்துவேன். நீ "எல்லாரும் பாப்பாங்கம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்பாய். பதினாறு வயதுப் பிள்ளைக்கு வெட்கம் வருவது இயல்பு. அந்தச் சரவணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை நீ நம்ப வேண்டும். அவனை எப்போதோ மன்னித்துவிட்டேன். இந்தக் கடிதம் முப்பது வயது ஆளுக்கு.

அந்தக் காலத்தில் நான் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கும் முன்னால் நானே சிரித்துவிடுவது. ஷேர் ஆட்டோவில் ஏறும்போது, "இன்னும் ரெண்டு பேர ஏத்தாதப்பா, நானே மூணு பேரு" என்பேன். ஸ்டாப் ரூமில் நாற்காலி கிறீச்சிட்டால், "அதுக்கும் பென்ஷன் குடுங்க" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், டீச்சர் ரொம்ப தமாஷ் என்பார்கள். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. மற்றவர்கள் என்மேல் எறிய வேண்டிய கல்லை நானே பொறுக்கிக் கொடுத்திருக்கிறேன். நீயும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். அம்மாவின் உடம்பு பொதுச்சொத்து, யாரும் அதைப் பற்றிப் பேசலாம் என்று நீ கற்றுக்கொண்டதில் எனக்கும் பங்கு இருக்கிறது. உன்னுடைய பங்கை அது குறைக்காது.

ஆபரேஷனுக்கு நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்பதிலும் நீ ஒரு கதை வைத்திருக்கிறாய். என்னுடைய கதை வேறு. தூங்கும்போது எனக்கு மூச்சு நின்றுபோகும். நைனா என்னை உலுக்கி எழுப்புவார், பிறகு தூங்காமல் உட்கார்ந்துகொண்டிருப்பார். சர்க்கரைக்கு மாத்திரை போதாமல் ஊசிக்கு வந்தாயிற்று. முட்டியைப் பார்த்த டாக்டர், எடை இறங்காமல் தொட மாட்டேன் என்றார். நடைப்பயிற்சி, கேழ்வரகு, கொள்ளுத் தண்ணீர், எல்லாம் செய்தேன். பத்துக் கிலோ இறங்கும், பன்னிரண்டு ஏறும். கடைசியில் திருப்பதியில் அந்தப் பெண் டாக்டர்தான் படம் போட்டுக் காட்டினார். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வாழைக்காய் அளவுக்கு ஒரு குழாய் மட்டும் விடுவார்களாம். "இது அழகுக்குப் பண்ற ஆபரேஷன் இல்லம்மா. பாதி வேலதான் நான் செய்வேன், மீதிய வாழ்நாள் பூரா நீங்கதான் செய்யணும்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஒரு நல்ல டீச்சர் அப்படித்தான் பேசுவாள். அன்று மாலை உனக்குப் போன் செய்தேன். நீ முதலில் என்ன கேட்டாய் என்று ஞாபகம் இருக்கிறதா? ஆபத்து இருக்கிறதா என்று கேட்கவில்லை. "சூப்பர்மா. இப்ப பண்ணிக்கினா கல்யாண போட்டோவுக்கு கரெக்டா இருக்கும்" என்றாய். அப்போது உனக்குப் பெண்கூடப் பார்க்கவில்லை.

பிறகு நடந்தவற்றை நீ வாட்ஸ்அப்பில்தான் பார்த்தாய். நான் உள்ளே இருந்து பார்த்தேன், கொஞ்சம் சொல்கிறேன். முதலில் தண்ணீரும் கஞ்சித்தெளிவும், சின்ன டம்ளரில் மடக்கு மடக்காக. பிறகு அரைத்த பருப்பு, பிறகு குழைந்த சாதம். இன்றைக்கும் ஒரு இட்லிக்குமேல் இறங்காது. முட்டையும் பருப்பும் முதலில், சாதம் இடமிருந்தால். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. வேகமாகச் சாப்பிட்டால் நெஞ்சில் கல் வைத்தது போல் நின்றுவிடும். பக்கத்து வீட்டுச் சீமந்தத்தில் மரியாதைக்காக ஒரு கரண்டி பாயசம் குடித்துவிட்டு, வியர்த்து, படபடத்து, அவர்கள் வீட்டுக் கட்டிலிலேயே படுத்துவிட்டேன். தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது, பிறகு முளைத்தது. கைக்கு அடியிலும் வயிற்றிலும் தோல் தொங்குகிறது, அது போகாது. சத்து மாத்திரை சாகும்வரை. ஆனால் சர்க்கரை ஊசி நின்றுவிட்டது. நான் தூங்குகிறேன், நைனாவும் தூங்குகிறார். கோட்டை மாரியம்மன் வீதியிலிருந்து மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விட்டு, கையில் பையோடு நடந்தே வருகிறேன். குளித்துவிட்டு யார் உதவியும் இல்லாமல் குனிந்து என் கால்விரலை நானே துடைத்துக்கொண்ட அன்று அழுதுவிட்டேன். ஆகையால் ஆபரேஷனை நான் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அது எனக்கு உயிர் கொடுத்தது.

நைனா பாவம், முப்பத்தைந்து வருஷமாக என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, யாராவது சொன்னால் தட்டிக் கேட்டதும் இல்லை. இப்போது என் தட்டைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை. "இன்னும் கொஞ்சம் துன்னேன், கோழிகூட இத விட ஜாஸ்தி துன்னும்" என்பார். நான் மிச்சம் வைப்பதையெல்லாம் அவர் சாப்பிட்டுச் சாப்பிட்டு அவருடைய பேன்ட் இடுப்பில் ஏறவில்லை. அவர்மேல் என் பழி அதோடு முடிந்தது.

ஆபரேஷன் எனக்குச் செய்த இன்னொரு காரியம் எந்த டாக்டரும் சொல்லாதது. முன்பு யாராவது புண்படுத்தினால் வீட்டுக்கு வந்து சாப்பிடுவேன். ஸ்டாப் ரூமில் கேட்ட ஒரு வார்த்தைக்கு ஒரு பொட்டலம் பக்கோடா. மலையில் நீ சொன்ன வார்த்தைக்கு, அன்று மாலை ஒரு சட்டி சாம்பார் சாதம். சாப்பிட்டு முடிக்கும்போது கோபமும் உள்ளே போய்விடும். இப்போது உள்ளே இடம் இல்லை. கோபம் வெளியே என் எதிரில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கிறது. அதோடு பேசிப் பழகுகிறேன். உலகம் என்னிடம் மரியாதையாக நடக்க நடக்க அது வளர்கிறது. திருப்பதி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நடுவில் இடம் இருந்தால், முன்பு என்னைக் கண்டதும் அதில் பை வைப்பார்கள். இப்போது பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு "உக்காருங்கம்மா" என்கிறார்கள். துணிக்கடையில் புடவையை என் தோளில் போட்டுப் பார்க்கிறார்கள். என் குணம் மாறவில்லை, படிப்பு மாறவில்லை, குரல்கூட மாறவில்லை. இன்று இவ்வளவு மரியாதை காட்டத் தெரிந்தவர்களுக்கு அன்றும் அது தெரிந்தேதான் இருந்திருக்கும். கொடுக்காமல் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் அந்தப் பஸ்ஸில் என் பக்கத்தில் எங்கள் பழைய ஹெட்மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். என்னைத் தெரியவில்லை. எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். டீச்சராக இருந்தேன் என்றதும் உற்சாகம் வந்துவிட்டது.

"எங்க ஸ்கூல்ல ஒரு மேத்ஸ் டீச்சர் இருந்தாங்கம்மா. பசங்க ஏனுகு டீச்சர்னுதான் சொல்வாங்க. தெலுங்குல ஏனுகுன்னா யானை" என்றார்.

"நல்லா பாடம் எடுப்பாங்களா சார்?"

"பாடமா? அவங்க இல்லன்னா எங்க ரிசல்ட் கோவிந்தாதான். ஆனா படி ஏறி வரும்போது பாக்கணுமே. ரகசியத்த உங்ககிட்ட சொல்றேன், அந்தப் பேர வச்சதே நான்தான்."

பூதலப்பட்டு ஸ்டாப்பில் அவர் இறங்க எழுந்தார். "சார், பசங்க வச்ச பேருன்னு இத்தன வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. என் பெயரைச் சொன்னேன். அவர் குடையை சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினார். கண்டக்டரிடம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு, குடையை ஜன்னல் வழியாக நானே நீட்டினேன். என்னைத் திரும்பிப் பார்த்துத்தானே அதை வாங்க வேண்டும்? வாங்கினார்.

லலிதாவின் கணக்கையும் தீர்த்துவிட்டேன், அது உனக்குத் தெரியாது. போன மாசம் போன் செய்து குரலைத் தாழ்த்தி, "அண்ணி, எனக்கும் சக்கர ஜாஸ்தியாயிட்ச்சு. அந்த டாக்டர் அட்ரஸ் குடேன், எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிய வாணாம்" என்றாள். உடனே கொடுத்தேன். பாடத்தைக் கேட்டு வந்தவளைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் நானும் கூட வருவேன் என்றேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளை எடை மிஷினில் ஏற்றி, எண்ணை உரக்கப் படித்தாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். லலிதா என் முகத்தைப் பார்த்தாள். நான் மிஷினைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னா அண்ணி, எதுனா சொல்லேன்."

"இன்னா சொல்லணும் லலிதா?"

"எதுனா. கிண்டலாவது பண்ணு. சும்மா இருக்காத."

நான் சும்மாதான் இருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதாள். அன்றைக்கு மலையில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, மடக்கு மடக்காகக் குடி என்றேன். ஆபரேஷனுக்கு அவளோடு நான்தான் இருக்கப் போகிறேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த லாரி ஞாபகம் வரும். அது போதும்.

இனி நீ. நிச்சயதார்த்தத்தன்று மாதவி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உன்னைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. தட்டு மாற்றி முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். நீ போனை எடுத்து ஒரு படத்தைச் சுற்றுக்கு விட்டாய். இடதுபக்கம் பழைய நான், வலதுபக்கம் இப்போதைய நான், இரண்டையும் ஒட்டிவைத்த படம். "எங்கம்மா பாருங்க, அப்ப எப்படி, இப்ப எப்படி. நான்தான் புடிச்சி இழுத்துக்கினு போய் மாத்தனேன்" என்றாய். மாதவியின் அம்மா, "அய்யோ, இதி மீரேனாண்டி? இது நீங்கதானா? நம்பவே முடியலயே!" என்று தெலுங்கும் தமிழுமாக வாயில் கைவைத்தார்கள். போன் கைமாறிக் கைமாறிப் போயிற்று. அந்த வீட்டு மாப்பிள்ளைகளும் பிள்ளைகளும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். யாரோ, "அப்ப இவங்க ஒருத்தருக்கே ரெண்டு பேர் சமையல் பண்ணணும்" என்றார்கள். நீ எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். நான் அதே அறையில், அரை டம்ளர் காபியோடு உட்கார்ந்திருந்தேன்.

வலதுபக்கத்தில் இருந்தவளுக்கு அன்று நிறையப் பாராட்டு கிடைத்தது. நான் இடதுபக்கத்தில் இருந்தவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பெற்றவள் அவள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவள் அவள். உனக்கு ஐ.ஐ.ஐ.டி. சீட்டுக்காக டியூஷன் எடுத்து எடுத்துத் தொண்டை கட்டிப்போனவள் அவள். உன் அம்மாவாக முழுநேர வேலை பார்த்தவள் அவள்தான். வலதுபக்கத்தில் இருப்பவள் உனக்காக இதுவரை செய்தது ஒரு தட்டு மாற்றியது மட்டும். நீ அந்த இடதுபக்கத்துக்காரியை, ஒழிந்துபோன ஏதோ நோயைக் காட்டுவது போல் ஒரு கூட்டத்துக்குக் காட்டிச் சிரித்தாய். அவள் இப்போது இல்லை, சரவணா. அவளால் வந்து பேச முடியாது. அவளுக்காகப் பழி வாங்க மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

அன்று அந்த வீட்டில் என்னைத் தவிர ஒரே ஒரு ஆள்தான் சிரிக்கவில்லை. நாலு நாள் கழித்து மாதவி எனக்குப் போன் செய்தாள். "அத்த, அந்த லெப்ட் சைடு போட்டோவுல நீங்க சூப்பரா சிரிச்சிக்கினு இருக்கீங்க. எங்க எடுத்தது?" என்று கேட்டாள். நீ வேலைக்குச் சேர்ந்து ஸ்ரீசிட்டிக்குப் போன அன்று, வீட்டு வாசலில் எடுத்தது என்றேன். உன்னை அதில் வெட்டி எடுத்துவிட்டாய், என் தோளில் உன் கை மட்டும் இன்னும் இருக்கிறது. "அது முழு போட்டோ எனக்கு வேணும் அத்த" என்றாள். அனுப்பினேன். இந்தப் பெண்ணுக்கு நாளைக்குக் குழந்தை பிறக்கும், உடம்பு பருக்கும், இளைக்கும், தைராய்டு வரலாம், எதுவும் வரலாம். அப்போது நீ போனை எடுத்து எதையும் ஒட்டக் கூடாது. இதை அறிவுரையாகச் சொல்லி நிறுத்தினால் நீ தலையாட்டிவிட்டுப் போவாய். தலையாட்டிய பிள்ளைகள் பரீட்சையில் என்ன எழுதுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகள் கையால் செய்து பார்த்த பாடம்தான் நிற்கும்.

ஆகையால் இதைச் செய். நான் மலைக்குப் போய்ப் பூசாரியைப் பார்த்துவிட்டேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, தராசைச் சொன்னதும் தெரிந்துவிட்டது. இப்போதைய எடைக்குக் கொடுத்தால் போதுமா என்று கேட்டேன். "எந்த ஒடம்ப வச்சி சாமிகிட்ட கேட்டியோ, அந்த ஒடம்புக்குத்தாம்மா குடுக்கணும்" என்றார். என் கணக்கும் அதுதான். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நான் நூற்றுப் பதினாறு கிலோ. வேண்டிக்கொண்டபோது இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம், தாமதத்துக்கு வட்டியாக இருக்கட்டும். இப்போது எழுபது. அந்த எழுபது கிலோ வெல்லத்தை நைனாவும் லலிதாவின் பிள்ளைகளும் மலைமேல் ஏற்றுவார்கள். மீதி நாற்பத்தாறு கிலோ உன்னுடையது. நீ மட்டும்தான் தொட வேண்டும். வெறுங்காலோடு, உன் தோளில். ஒரே தடவையில் முடியாவிட்டால் இறங்கிப் போய் மறுபடி ஏற்று. நான் அந்த எடையோடு அந்தப் படிகளில் ஏறியவள். எனக்கு அதை வழியில் எங்கேயாவது இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கும் வசதி இல்லை. உனக்கு அது உண்டு.

மாதவி வீட்டாரை எல்லாம் வரச் சொல்லிவிட்டேன். நிச்சயத்தன்று போனைக் கைமாற்றிப் பார்த்த ஒருவரும் விட்டுப்போகாமல் நானே போன் செய்து அழைத்தேன். நல்ல மரியாதையாகத்தான் அழைத்தேன், உன் பெயரைச் சொல்லி. அவர்கள் மண்டபத்து நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். நீ ஏறி வருவதைப் பார்ப்பார்கள். உன் சட்டை நனைந்திருக்கும், கால் நடுங்கும், முகம் உனக்கே பிடிக்காத மாதிரி இருக்கும். பிள்ளைகள் யாராவது போனில் படம் எடுக்கலாம். எடுக்கட்டும், நான் தடுக்க மாட்டேன்.

நூற்றுப் பதினாறு கிலோவும் தட்டுக்கு வந்த பிறகுதான் எதிர்த் தட்டில் நான் உட்காருவேன். வெல்லத் தட்டு தரையில் கிடக்கும், நான் உட்கார்ந்த தட்டு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். சமமாக்க யாரும் ஒரு உருண்டையைக்கூட எடுக்கக் கூடாது என்று பூசாரியிடம் சொல்லியாயிற்று. அந்த வித்தியாசத்தை எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும்.

நீ ஏறி வரும்போது வழியில் ஆட்கள் கேட்பார்கள், நம் ஊர் ஜனங்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். மூட்டையில் என்னப்பா என்பார்கள். வெல்லம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதே. நின்று, மூட்டையை இறக்காமல், யாருடைய எடை என்று சொல்லிவிட்டு வா.

அம்மா